நாலு தலைமுறை, நாலு ஊர். அட்டவணையில் மட்டும் யாரும் நகரவில்லையே, ஏன்?

முதலில் கேள்வியை நேராக வைத்துக்கொள்வோம். உங்கள் தாத்தா பிறந்தது தென்னாப்பிரிக்காவின் நட்டாலில், உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில். அப்பா பிறந்தது டர்பன் ஓரத்துக் க்ளேர்வுட்டில். நீங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த். மகளும் சாட்ஸ்வொர்த்தில்தான் பிறந்தார், இப்போது வேலை பார்ப்பதும் குடியிருப்பதும் ஜொகன்னஸ்பர்க்கில். கோயில் ஆண்டு மலருக்காக, நட்டால் தமிழர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்ததை எண்ணிக்கையோடு எழுத நினைத்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இட அட்டவணையை எடுத்திருக்கிறீர்கள். குவாசூலு-நட்டாலில் (பழைய நட்டால் இன்று இந்த மாகாணத்துக்குள்) வசிக்கும் இந்தியரில் மிகப் பெரும்பாலோர் அதே மாகாணத்தில் பிறந்தவர்கள் என்று அதில் இருக்கிறது. "அப்படியானால் நாம் நகரவே இல்லையா, அல்லது அட்டவணை தப்பா?" என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: பிறந்த ஊரை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டம், சிற்றூர், நகரம் இவற்றுக்கிடையே ஆட்கள் போய் வந்ததை எண்ண முடியுமா? முடியும். ஆனால் நீங்கள் எடுத்த அட்டவணையை வைத்து முடியாது.

அட்டவணையில் தப்பில்லை. அது எண்ணுவது ஒரு கோட்டைத் தாண்டியவர்களை; அந்தக் கோடு மாகாண எல்லை. 2011 படிவத்தில் கேட்டது "எந்த மாகாணத்தில் பிறந்தார்" என்று மட்டுமே. எந்த ஊர், தோட்டமா நகரமா என்று கேட்கவில்லை. 2022-லும் பிறந்த இடம் மாகாண அளவில்தான். உம்சிண்டோவிலிருந்து க்ளேர்வுட் ஐம்பது அறுபது கிலோமீட்டர் இருக்கும். கரும்பு வெட்டிய குடும்பம் டர்பன் ஓரத்துக்கு வந்து காய்கறி போட்டு விற்கத் தொடங்கியது அந்தக் குடும்பத்துக்கு ஒரு யுகமாற்றம். அட்டவணைக்கு அது பூஜ்யம். உங்கள் நாலு தலைமுறையில் அதன் கண்ணில் படுகிற ஒரே நகர்வு மகளுடையது.

நம்மவர் கணக்கில் இந்தப் பூஜ்யம் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதற்குச் சட்டம்தான் காரணம். நட்டாலுக்கு அண்டையிலிருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் 1891-லேயே இந்தியர் குடியேறுவதைத் தடுத்துவிட்டது. டிரான்ஸ்வாலும் பதிவுச் சட்டங்களால் வாசலை இறுக்கியது. 1913 குடியேற்ற ஒழுங்குச் சட்டத்துக்குப் பிறகு நட்டாலில் பிறந்த இந்தியர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு மாகாணத்தில் போய்க் குடியேற முடியாது. இந்தத் தடை பெருமளவு தளர்ந்தது 1975-ல். ஃப்ரீ ஸ்டேட் திறக்க 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. ஆகவே "நட்டால் இந்தியர் நட்டாலிலேயே இருந்துவிட்டார்கள்" என்ற வரியை அப்படியே மலரில் போடாதீர்கள். படிப்பவர் அதை ஊர்ப்பற்று என்று எடுத்துக்கொள்வார். அட்டவணையை வயதுவாரியாகப் பிரித்தால் இது தெளிவாகும். 1955-க்கு முன் பிறந்தவர்களுக்கு 1975-ல் இருபது வயது கடந்திருக்கும். வேலை தேடத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்கு எல்லை மூடியிருந்தது. 2011-ல் அவர்களுக்கு வயது 56-ம் அதற்கு மேலும். 55-ம் அதற்குக் கீழும் இருப்பவர்களைத் தனியாக எடுங்கள். மாகாணம் தாண்டினாரா என்ற கேள்வியை இந்த இரண்டாம் கூட்டத்திடம் கேட்பதுதான் நியாயம்.

கோட்டுக்கு உள்ளே நடந்தது இன்னும் பெரிது. 1950-ல் வந்த, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ், டர்பனில் கேட்டோ மேனரிலிருந்தும் ரயில், நகராட்சிக் குடியிருப்புகளிலிருந்தும் இந்தியக் குடும்பங்களைக் கிளப்பினார்கள். டர்பன் நகராட்சித் தொழிலாளருக்கான மேகசின் பேரக்ஸ் ஒரு நல்ல எடுத்துக்காட்டு: தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் நெருங்கி வாழ்ந்த இடம், 1960களில் காலி செய்யப்பட்டது. சாட்ஸ்வொர்த்தில் 1964 வாக்கில் வீடுகள் நிரம்பத் தொடங்கின. பீனிக்ஸ் 1976-ல் தொடங்கியது. டர்பனோடு இது நிற்கவில்லை. பிரிட்டோரியாவில் மராபாஸ்டாடிலிருந்து லௌடியம், ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து லெனேசியா, போர்ட் எலிசபெத்தில் சவுத் எண்டிலிருந்து மலபார் என்று எல்லா இடத்திலும் இதே கதை. இதில் எதுவும் எந்தப் பிறந்த மாகாண அட்டவணையிலும் வராது. நகராட்சி அளவில் பார்த்தாலும் வராது; பிறந்ததும் வசிப்பதும் ஒரே நகராட்சி. நம் மக்களின் மிகப் பெரிய நகர்வு "நகராதவர்" பெட்டிக்குள் கிடக்கிறது.

மூன்றாவது சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை: ஆள் இருந்த இடத்திலேயே இருக்க, நகரம் வந்து அவரை விழுங்கும். 1932-ல் டர்பன் எல்லை விரிந்தபோது மேவில், சிடன்ஹாம், கிரீன்வுட் பார்க், சவுத் கோஸ்ட் ஜங்ஷன், உம்லதுசானா எல்லாம் நகருக்குள் வந்தன. அங்கே தோட்டம் போட்டு, வாழையும் கீரையும் விற்றுப் பிழைத்த இந்தியக் குடும்பங்கள் ஒரே இரவில் நகரவாசிகள் ஆனார்கள். வீட்டு வாசல் மாறவில்லை. க்ளேர்வுட்டும் இந்தத் தென்கரையோரப் பகுதிதான் என்பதால் உங்கள் அப்பா பிறந்த ஆண்டைச் சரிபாருங்கள். 1932-க்கு முன்னால் என்றால் அன்றைய எல்லைப்படி அவர் நகரத்துக்கு வெளியே பிறந்தவர். இதேபோல 2000 டிசம்பரில் டர்பனும் சுற்றுப்புறமும் எத்தெக்வினி என்ற ஒற்றை மாநகராட்சியாக ஆனபோது வடக்கே டொங்காட், வெருலம் முதல் தெற்கே உம்கோமாஸ் வரை அதற்குள் போயிற்று. டொங்காட் தோட்டத்தில் 1950-ல் பிறந்து இன்று சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர், இன்றைய எல்லைப்படி பிறந்த மாநகராட்சியிலேயே இருக்கிறார். உம்சிண்டோவும் ஸ்டேங்கரும் இன்றும் வெளியே. ஆகவே டொங்காட் தோட்டக்காரர் "நகராதவர்", உம்சிண்டோ தோட்டக்காரர் "நகர்ந்தவர்" என்ற வேடிக்கையான முடிவு வரும். இரண்டு குடும்பமும் செய்தது ஒரே காரியம்.

இதனால் நீங்களே கோடு போட வேண்டும். எந்த ஆண்டின் எல்லை என்று முதலில் முடிவு செய்து, பிறந்த ஊருக்கும் வசிக்கும் ஊருக்கும் அதே எல்லையைப் பயன்படுத்துங்கள். பிறந்த ஊருக்கு 1950 எல்லை, வசிக்கும் ஊருக்கு 2011 எல்லை என்று கலந்தால் விடை எதையும் குறிக்காது. உங்கள் வேலைக்கு நான் பரிந்துரைப்பது 1960-ஐ ஒட்டிய எல்லை, மூன்றே வகை: ஒன்று, தோட்டம், மில் பேரக்ஸ் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பண்ணை, சுரங்கக் குடியிருப்பு. இரண்டு, வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ, போர்ட் ஷெப்ஸ்டோன், டண்டீ மாதிரிச் சிற்றூர்கள். மூன்று, டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா போன்ற நகரங்கள். நான்காவதாக ஒரு "வெளிநாடு" பெட்டி. இதற்கு மேல் நுணுக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று பேர்தான் விழுவார்கள், அந்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உம்சிண்டோ ஊருக்கும் உம்சிண்டோ தோட்டத்துக்கும் ஒரே பெயர் என்பதால், "ஊருக்குள்ளா, பேரக்ஸிலா?" என்று படிவத்தில் ஒரு துணைக் கேள்வி இருக்கட்டும்.

படிவம் என்றவுடன் ஒரு எச்சரிக்கை. "நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்டால் தவறான விடை வரும், அதுவும் இரண்டு திசையில். ஒன்று மருத்துவமனை. டர்பனில் கிங் எட்வர்ட், செயின்ட் எய்டன்ஸ், 1969-க்குப் பிறகு சாட்ஸ்வொர்த்தின் ஆர். கே. கான் மருத்துவமனை. தோட்டத்துத் தாய் நகரத்துக்கு வந்து பிள்ளை பெற்றுக்கொண்டு பத்தாம் நாள் பேரக்ஸுக்குத் திரும்பியிருப்பாள். சான்றிதழில் டர்பன் என்றிருக்கும், பிள்ளைக்கும் அதுவே மனதில் பதிந்திருக்கும். ஆகவே கேள்வியை இப்படி வையுங்கள்: "நீங்கள் பிறந்தபோது உங்கள் அம்மா எந்த வீட்டில், எந்த ஊரில் குடியிருந்தார்?" தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் இருந்ததால் "குடியிருந்தார்" என்ற சொல்லும் முக்கியம், பிரசவத்துக்குப் போன இடம் குடியிருந்த இடமாகாது.

இன்னொரு திசை "சொந்த ஊர்". தமிழில் பிறந்த ஊரும் சொந்த ஊரும் வேறு வேறு என்பது நமக்குத் தெரியும், ஆனால் படிவம் நிரப்பும்போது ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்கார்ந்துவிடும். தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே தமிழ்நாட்டுத் தில்லையாடி இருக்கிறது. பிறந்தது 1898-ல் ஜொகன்னஸ்பர்க்கில். காந்தியின் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் அவரோடு ஒரே களத்தில் நின்ற தம்பி நாயுடு பிறந்தது மொரீசியஸில். ஒருவருக்குப் பெயரை வைத்தும், மற்றவருக்கு வம்சத்தை வைத்தும் "இந்தியாவில் பிறந்தவர்" என்று குறித்தால் இரண்டுமே பிழை. உங்கள் படிவத்தில் "சொந்த ஊர்" என்று தனி வரி ஒன்று கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அந்த விடை பிறந்த ஊர் வரியில் போய் விழும்.

இனி கணக்கு. கீழே வரும் எண்கள் வழியைக் காட்ட நான் போட்டவை, எந்தக் கணக்கெடுப்பிலிருந்தும் வந்தவை அல்ல. 400 பேரிடம் படிவம் வாங்கினீர்கள் என்று வைப்போம். தோட்டத்தில் பிறந்தவர் 120. அவர்களில் இன்றும் தோட்டத்தில் 8, சிற்றூரில் 22, நகரத்தில் 90. சிற்றூரில் பிறந்தவர் 100. தோட்டத்தில் 1, சிற்றூரில் 34, நகரத்தில் 65. நகரத்தில் பிறந்தவர் 180; தோட்டத்தில் 1, சிற்றூரில் 4, நகரத்தில் 175. நகரத்துக்கு உள்ளே வந்தவர் 90-ம் 65-ம் சேர்ந்து 155. வெளியே போனவர் 5. நிகரக் கூடுதல் 150. தோட்டத்திலிருந்து போனவர் 112, வந்தவர் 2, நிகரக் குறைவு 110. சிற்றூரிலிருந்து போனவர் 66, வந்தவர் 26, குறைவு 40. 110-ம் 40-ம் கூட்டினால் 150. நகரத்தின் கூடுதலோடு சரியாகப் பொருந்துகிறது. பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒருவரை இரண்டு பெட்டியில் போட்டிருக்கிறீர்கள், அல்லது பதில் இல்லாத படிவத்தை ஒரு பக்கம் மட்டும் சேர்த்திருக்கிறீர்கள்.

நகரத்துக்கு வந்த 155 பேரில் 50 பேர் டொங்காட், வெருலம், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கத்தில் பிறந்து டர்பனுக்குள் வந்தவர்கள் என்று கொள்ளுங்கள். 2000-க்குப் பிந்தைய எல்லையை எடுத்தால் அவர்கள் நகர்ந்தவர் பட்டியலை விட்டுப் போய்விடுவார்கள். 155 என்பது 105 ஆகும். ஒரே படிவங்கள், மூன்றில் ஒரு பங்கு நகர்வு காணாமல் போகிறது. நகரத்தில் பிறந்து நகரத்திலேயே இருக்கும் 175 பேரிலும் எத்தனை பேர் கேட்டோ மேனரில் பிறந்து சாட்ஸ்வொர்த்துக்கோ பீனிக்ஸுக்கோ வந்தவர்கள் என்று தனியாக எண்ணுங்கள். என்னைக் கேட்டால் மலரின் முதல் பக்கத்தில் வர வேண்டியது அந்த எண்.

வயதுப் பிரிவு இல்லாமல் இந்த 400-ஐ ஒன்றாகக் காட்டாதீர்கள். பெற்றோர் நகரத்துக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளை "நகரத்தில் பிறந்தவர்" ஆகிவிடும், நகர்ந்தவர் கணக்கில் சேராது. நகர்வு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அதன் தடயம் பிள்ளைகளின் எண்ணிக்கையில் மறையும். பிறந்த ஆண்டை 1950-க்கு முன், 1950 முதல் 1963, 1964 முதல் 1975, 1976 முதல் 1990, 1991-க்குப் பின் என்று ஐந்தாகப் பிரிக்கலாம். இந்த வெட்டுகள் சாட்ஸ்வொர்த் நிரம்பத் தொடங்கியது, மாகாணத் தடை தளர்ந்தது, 1991-ல் குழுப் பகுதிச் சட்டம் நீங்கியது ஆகியவற்றை ஒட்டியவை. ஒவ்வொருவரிடமும் தாய், தந்தை இருவரின் பிறந்த ஊரையும் வாங்குங்கள். நகரத்தில் பிறந்த 180 பேரில் பெற்றோர் இருவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் ஒரு தலைமுறை பின்னோக்கித் தெரியும். தாத்தாவின் ஊரையும் கேட்கலாம்தான், ஆனால் அங்கே "சவுத் கோஸ்ட்", "ஷுகர் மில்" என்ற அளவில்தான் விடை வரும். அதை வகை ஒன்றில் போடலாம், ஊராகக் குறிக்க முடியாது.

பிறந்த ஊர் முறைக்கே உரிய ஒரு குருட்டுப் புள்ளி உண்டு, அதை எந்தப் படிவமும் முழுக்கச் சரிசெய்யாது. அது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்க்கிறது. வெருலத்தில் பிறந்து, ஜொகன்னஸ்பர்க்கில் இருபது வருடம் வேலை செய்து, ஓய்வு பெற்று வெருலம் திரும்பியவர் அதற்கு நகராதவர். தோட்டத்திலிருந்து ஸ்டேங்கர், ஸ்டேங்கரிலிருந்து டர்பன் என்று படிப்படியாக வந்தவரும் நேராக டர்பனுக்கு வந்தவரும் அதற்கு ஒன்றே. "இந்த ஊருக்கு எந்த ஆண்டு வந்தீர்கள், அதற்கு முன் எங்கே இருந்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விகள் சேர்த்தால் கடைசிப் படி ஒன்றாவது தெரியும். 2011 கணக்கெடுப்பும் இதைச் செய்தது: 2001 அக்டோபருக்குப் பிறகு வீடு மாறியவர்களிடம் முந்தைய நகராட்சி எது என்று கேட்டது. அந்தக் கணக்கெடுப்பில் நகராட்சி அளவில் உங்களுக்குக் கிடைப்பது அதுதான், பத்தாண்டுக்கு மட்டும்.

அரசுத் தரவைச் சேர்க்க விரும்பினால் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் தரவு மையமான டேட்டாஃபர்ஸ்ட் வழியாக 2011-ன் பத்து விழுக்காட்டு மாதிரிக் கோப்பைப் பதிவு செய்து வாங்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எடை எண் இருக்கும். அதைப் போடாமல் வெறும் தலைகளை எண்ணினால் விகிதங்கள் சாயும். இரண்டு வடிகட்டல் அவசியம்: இன வகை, பிறந்த நாடு. தமிழர் என்று தனிப் பெட்டி கிடையாது. வீட்டு மொழிக் கேள்வியில் தமிழ் "பிற"வுக்குள் போய்விடும், இன வகையில் கிடைப்பது "இந்தியர் அல்லது ஆசியர்". அதற்குள் அண்மையில் வந்த பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனரும் உண்டு. எனவே முதல் வேலையாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்களை நீக்குங்கள். இதைச் செய்யாமல் "கௌட்டெங் (ஜொகன்னஸ்பர்க் இருக்கும் மாகாணம்) இந்தியரில் இத்தனை பேர் வெளியில் பிறந்தவர்கள்" என்று எழுதினால் நட்டாலிலிருந்து போன உங்கள் மகளும் அப்போது புதிதாக லாகூரிலிருந்து வந்தவரும் ஒரே எண்ணுக்குள் நிற்பார்கள். மாகாண எல்லையும் ஆடியிருக்கிறது: 2006-ல் உம்சிம்குலு ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து குவாசூலு-நட்டாலுக்கு வந்தது, மாட்டாட்டியெலே எதிர்த்திசையில் போயிற்று, மெராஃபோங் கௌட்டெங்கை விட்டுப் போய் 2009-ல் திரும்பியது. நம் எண்ணிக்கையில் இதன் பாதிப்பு சிறிது. ஒரு அடிக்குறிப்பு போதும்.

2022 கணக்கெடுப்பைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அதில் விடுபட்டோர் பங்கு 31 விழுக்காடு. 2011-ல் அது 14.6. இந்தியர், ஆசியர் பிரிவில் விடுபட்டோர் பங்கு நாட்டுச் சராசரியைவிட மிக அதிகம். விடுபட்டவர்களைத் திருத்தக் காரணி கொண்டு ஈடுகட்டியிருக்கிறார்கள். ஆனால் ஈடுகட்டும்போது அகப்படாதவர்களும் அகப்பட்டவர்களைப் போலவே இருப்பார்கள் என்று கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் இல்லாமல் விடுபட்டவர்களில் ஊர் மாறி ஊர் மாறி வேலை செய்யும் இளவயதினர் அதிகம் என்றால், நகர்ந்தவர் கணக்கே குறைந்துவிடும். ஆகவே 2011-க்கும் 2022-க்கும் உள்ள வேறுபாட்டை "நகர்வு கூடியது", "குறைந்தது" என்று நம் சமூகத்துக்கு மட்டும் எடுத்துப் பேசாதீர்கள். 2011-ஐ நிலையான படமாகக் காட்டுங்கள்.

உங்கள் சொந்தப் படிவத்துக்கும் இதேபோல ஒரு சாய்வு உண்டு, அது இன்னும் கடுமையானது. சாட்ஸ்வொர்த் கோயில் உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தவர்கள். உம்சிண்டோவிலேயே தங்கியவர், மிட்ராண்டுக்குப் போனவர், ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் பட்டியலில் இல்லை. வந்து சேர்ந்த இடத்தில் நின்று கேட்டால் வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று சொல்லலாம். புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனை பங்கு போனது என்று சொல்ல முடியாது. இதற்கு ஒரு கைமருந்து உண்டு. ஒவ்வொருவரிடமும் கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேரையும் கேளுங்கள்: அண்ணன், அக்கா, தம்பி, தங்கை, ஒவ்வொருவரும் பிறந்தபோது அம்மா குடியிருந்த ஊர், இன்று வசிக்கும் ஊர், இறந்திருந்தால் கடைசியாக வசித்த ஊர். ஊரில் தங்கியவரும் நாடு கடந்தவரும் இதில் வந்துவிடுவார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் படிவம் கொடுத்தால் எல்லோரும் இரண்டு முறை எண்ணப்படுவார்கள் என்பதால், தாயின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்து ஒரு குடும்ப எண் போட்டு, குடும்பத்துக்கு ஒரு முறை மட்டும் சேருங்கள். ஒரு பிள்ளைகூடச் சாட்ஸ்வொர்த்துக்கு வராத குடும்பங்கள் இதிலும் அகப்படா. 

கப்பல் பட்டியலிலிருந்து தொடங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1860 நவம்பர் 16-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் சேர்ந்தது முதல் 1911 வரை நட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் 152,184 பேர். பட்டியலில் ஆளின் எண், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், எந்த முதலாளியிடம் போனார் என்பதெல்லாம் இருக்கிறது. வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் மலருக்கு இதில் மிகப் பயன்படுவது முதலாளி என்ற கடைசிப் பத்தி. நட்டாலில் முதல் வசிப்பிடம் எந்தத் தோட்டம் என்று அதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம். கிராமப் பத்தி அப்படி இல்லை. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியவை, ஒரே ஒலிக்கு நாலைந்து கிராமம் பொருந்தும். ஜில்லாவும் இன்றைய மாவட்டம் ஆகாது. வட ஆற்காடு என்றிருந்தால் 1911-க்கு முன் சித்தூரும் அதற்குள் இருந்தது. தமிழரா தெலுங்கரா என்று ஜில்லாவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள். மெட்ராஸில் ஏறியவர் எல்லோரும் தமிழர் என்பதும் பிழை, விசாகப்பட்டினத்துக்காரரும் அங்கேதான் ஏறினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு எதை உறுதியாக எழுதலாம்? தோட்டத்திலிருந்து நகரத்துக்கு என்ற திசை உறுதி. 1975 வரை அது பெரும்பாலும் மாகாணத்துக்குள்ளேயே நடந்தது என்பது உறுதி. நகரத்துக்குள் நடந்த கட்டாய இடமாற்றம் அரசின் சட்டத்திலேயே இருக்கிறது. சந்தேகத்துக்கு உரியது காரணம். ஒப்பந்தம் முடிந்தவருக்கு 1895 சட்டம் விதித்த மூன்று பவுன் வரி 1914-ல் நீங்கியது. 1911-க்குப் பிறகு புது ஒப்பந்தத் தொழிலாளர் வரவில்லை, தோட்டங்கள் மெல்ல ஆப்பிரிக்கத் தொழிலாளரை அமர்த்தின. பள்ளிக்கூடம் நகரத்துப் பக்கம் இருந்தது, நகராட்சியிலும் ரயிலிலும் வேலை கிடைத்தது. இவற்றில் எது யாரைக் கிளப்பியது என்று பிறந்த ஊர் சொல்லாது. படிவத்தில் "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டால் அப்பா சொன்னதாகப் பிள்ளை நினைவில் வைத்திருப்பது வரும். அதை வார்த்தையாகப் பதியுங்கள், விழுக்காடாக்க வேண்டாம்.

அச்சிடும்போது அட்டவணைக்குக் கீழே மூன்று வரி இருக்கட்டும்: எந்த ஆண்டின் எல்லை, எத்தனை படிவம் வந்து எத்தனை விடுபட்டது, பிறந்த ஊர் என்றால் தாய் குடியிருந்த ஊர் என்பது. ஐந்துக்குக் குறைவான ஆட்கள் விழும் கட்டங்களை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள். சின்னச் சமூகத்தில் "டண்டீ சுரங்கத்தில் பிறந்து லௌடியத்தில் இருக்கும் ஒருவர்" என்றால் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இனமும் மதமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புக் கவனம் வேண்டிய தகவல்கள் என்பதால் கையெழுத்தோடு சம்மதம் வாங்கி, பெயர்த் தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். ஐம்பது படிவம் வந்ததும் நிறுத்தி, பிறந்த ஊர் வரியில் "டர்பன்" என்று மட்டும் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால் கேள்வி சரியாக விழவில்லை. மீதி 350-க்குப் போகுமுன் "எந்த வீட்டில், எந்தத் தெருவில்" என்று மாற்றி அச்சடித்துவிடுங்கள்.